ராக்கெட்டுல பொறந்த புள்ளைக்கு ஜொரம்

இன்னாண்ணே நீங்க, வந்ததும் வராததுமா கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்கறீங்க? கொழந்தைய யாராவது கட்டிலுக்கு அடியில ஒளிச்சி வெப்பாங்களா? அங்க பக்கெட்டும் பழைய செருப்பும்தான் கீது. பீரோவையும் தொறந்து பாத்துட்டீங்க. பொட்டப்புள்ளைங்க துணிமணி வெக்கிற பீரோண்ணே அது! எழுந்திரிங்க. இப்டி ஹாலுக்கு வந்து, ஜன்னலாண்ட நாற்காலியில உக்காருங்க. ராத்திரி பூரா பஸ்ஸுல குந்திகினு வந்தவரு... டீ ஆறுது, குடிங்க மொதல்ல.

நான் இந்த வூட்டுக்காரி. பங்கஜம். ரூம்பு எல்லாம் கம்பெனி பொண்ணுங்களுக்குத்தான் வுட்டுகிறேன். சுங்குவார்சத்திரத்துல யார வேணா கேட்டுப் பாருங்க, பங்கஜம் வூட்டு வாசப்படிய ஒரு வயசுப் பையன் தாண்டிகீறானான்னு. உங்க தங்கச்சி மகன் மணிகண்டபிரபு, சொந்த அத்தை மவன், அவனே கேட்டுக்கு வெளிய நின்னுதான் பேசிட்டு போவான். அவன் பண்ண வேலைதானே இவ்ளோவும்! கம்பெனில எவளோ சொன்னாளாம், "சுகப்பிரியா வேலை செய்யற லைன்ல உக்காந்து அழுவுறா, கொழந்தைக்கு ஜொரமாம், தாங்குமோ தாங்காதோன்னு தேம்பறா"ன்னு. ஒடனே எஸ்டிடி பூத்துக்கு ஓடி, ஊருக்கு போன் போட்டுட்டான். எந்தக் கொழந்தை, யாரு கொழந்தைன்னு ஒரு வார்த்தை கேக்க வேணாம்? உங்க மக சுகப்பிரியா கண்ணாலம் ஆவாத பொண்ணாச்சே! அறிவு வேணாம்?

நீங்களும் போன வெச்ச கையோட சங்கரன்கோயில்லேருந்து பஸ் ஏறிட்டீங்க. அவ பொட்டிய வேற கட்டி வாசல்ல வெச்சிட்டீங்க. கோயிலுக்குப் போனவ திரும்பி வந்ததும் அப்டியே இழுத்துகினு போயிடறதுன்னு முடிவு. ஊர்ல மாட்டுத்தொழுவத்துல போட்டு பூட்டிடுவேன்னு சொன்னீங்களே... பெத்த பொண்ண சொல்ற பேச்சா அது? சரி, உங்க பொண்ணு, உங்க இஷ்டம். ஆனா இன்னா ஏதுன்னு தெரிஞ்சிகினு போங்க.

கொழந்தை கீது. இல்லன்னு சொல்லல. ஆனா அது மேல கீது. ...ஐயோ, மாடியில இல்லண்ணே! உக்காருங்க! மேலன்னா வானத்துல. ராக்கெட்டுல. டிவில ராக்கெட்டு நாடகம் போடறான் பாருங்க, அதுல!

ஏன் அப்டி மொறைக்கறீங்க? எனக்கு ஒண்ணும் பயித்தியம் புடிக்கல. தெனம் சாயங்காலம் வருது. ராக்கெட்டுன்னா சின்ன ராக்கெட்டு இல்ல, ஒரு ஊரே உள்ள குடியிருக்கற மாதிரி. அதுல ஒரு பொம்பள டாக்டரு, அவளுக்கு அங்கயே பிரசவம் ஆயிடுச்சு. பெத்துப் போட்டுட்டு அவ கண்ண மூடிட்டா. கொழந்தை பேரு விண்மணி. அது மண்ண பாத்ததில்ல, மழையப் பாத்ததில்ல, ஒரு கோழிய கூட பாத்ததில்லண்ணே. சோறு கெடையாது, பல்லு தேய்க்கற பேஸ்ட்டு மாதிரி டியூப்புல பிதுக்கி பிதுக்கி ஊட்டறானுங்க. தூங்கறதுன்னா பெல்ட்டு போட்டு செவுத்துல கட்டி வெக்கணும், இல்லாங்காட்டி மெதந்து போயிடும். தலமுடி பூரா நட்டுகினு நிக்கும். ஒரு சொட்டு எண்ணெ வெச்சி, ரெட்டை ஜடை பின்னி வுட ஒரு நாதி இல்ல அந்தப் புள்ளைக்கு. அப்பங்காரன் கேப்டனு, எப்பப் பாரு பட்டன் தட்டிகினே கெடக்கறான்.

ஆனா சொல்லக்கூடாது, செட்டு மட்டமான செட்டு. செவுரெல்லாம் பிரியாணி மடிக்கிற சில்வர் பேப்பர். நம்ம பொண்ணுங்க தெனம் கம்பெனில கரெண்டு போர்டுல சின்னச்சின்ன சாமான ஈயத்த உருக்கி சால்டர் வெக்கறவளுங்களாச்சே, பாத்ததும் கண்டு புடிச்சிட்டாளுங்க. "அக்கா, ராக்கெட்டுல மாட்டிகிறது ரேடியோ போர்டுக்கா, அதையும் தலகீழா மாட்டிகிறான்"னு கனகலட்சுமி சிரிச்சா பாருங்க, வவுறு புண்ணாயிடுச்சு எங்களுக்கு.

இன்னா சொல்ல வந்தேன்... ஆங், ஷிப்டு! இந்த ஷிப்டுதாண்ணே எல்லாத்துக்கும் காரணம். வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாத்துவான் கம்பெனில. பி ஷிப்டு வந்தா மத்தியானம் போயி ராத்திரிதான் வருவாளுங்க, நாடகம் போச்சு. அந்த வாரம் பூரா காலையில நான்தான் கதை சொல்லணும். தண்ணி புடிக்கறப்ப, துணி தொவைக்கறப்ப, "அக்கா, பாப்பா நேத்து இன்னா பண்ணா?", "அப்புறம்?", "அப்புறம்கா?"... நான் சொல்ற கதை டிவில பாக்கறத வுட நல்லாகீதுன்னு உங்க பொண்ணே சொல்லுவா. அவதான் கிட்ட வந்து முட்டிய கட்டிகினு குந்திக்குவா. ஊர்ல அவளுக்கு ஒரு தம்பி போயிட்டானாமே, காய்ச்சல்ல? சொல்லிகீறா. அத மனசுல வெச்சிகினுதான் அந்தப் பாப்பா மேல அவ்ளோ உசுரு.

இந்த வாரம் ஏதோ அவசர ஆர்டராம், மொத்தப் பேரையும் பி ஷிப்டுல போட்டுட்டான். ஒருத்தி வுடாம எல்லாரும் போயிட்டாளுங்க. நாடகம் பாக்க நான் ஒருத்திதான். அந்த வாரம் பாத்து பாப்பாவுக்கு ஜொரம் வந்துடுச்சு. நான் சொன்னேன், இதுங்க கேட்டுதுங்க, இவ அத நெனச்சிகினே லைன்ல உக்காந்து அழுதுட்டா. கண்ணீரு போர்டு மேல வுழுந்துடுச்சாம். உப்பாம், அது ஆவாதாம், ரிஜெக்டுன்னு தூக்கி வெச்சிட்டானாம் சூப்ரவைசரு. இவ்ளோதாண்ணே விசயம்! உங்களுக்குப் பேரனும் இல்ல, பேத்தியும் இல்ல. இன்னிக்கி வெள்ளிக்கெழமைன்னு அந்தப் பாப்பாவுக்காகத்தான் எல்லாரும் அம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழ வெளக்கு ஏத்த போயிகீறாளுங்க.

இன்னாண்ணே? ...நம்ப மாட்டீங்களா? ...சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருந்து, அந்தப் பாப்பாவ ஒங்க கண்ணால டிவில பாப்பீங்களா? பாப்பா ஜொரத்துல படுத்துகினு இருந்தா பொண்ண வுட்டுட்டு போயிடுவீங்க. அப்டி ஒரு பாப்பாவே இல்லன்னா இழுத்துகினு போயிடுவீங்க...

அது... நல்ல யோசனைதான். ஆனா இன்னிக்கி வேணாம்ணே. இன்னிக்கி கரெண்டு இருக்காது. ...ஆமா, ஃபேன் ஓடுது. இப்ப ஓடும். சாயங்காலம் கட் பண்ணுவான். ...பக்கத்து ஊர்ல போயி பாப்பீங்களா? அங்கயும் ஒரே கேபிள்காரன்தான், அவன் வூட்ல ஏதோ கண்ணாலம், ஒயரையே புடுங்கிட்டான்னு... எழுந்துக்காதீங்கண்ணே! பொட்டியில கை வெக்காதீங்க! சொல்லிடறேன். சொல்லித் தொலைச்சிடறேன். உக்காருங்க.

சாயங்காலம் டிவில அந்தப் பாப்பா வராது.

திங்கக்கெழமையே போயிடுச்சுண்ணே. சாவல, அந்த மாதிரி இல்ல. ராக்கெட்டு போயிகினே இருந்துச்சா, ஒரு மஞ்ச பொகைக்குள்ள பூந்துச்சு. வெளிய வந்துச்சு. பாத்தா, பாப்பா குந்திகினு இருந்த எடத்துல நெடுநெடுன்னு ஒரு கொமரி நிக்கறா! லிப்ஸ்டிக்கு, ஐப்ரோ, குதிகாலு செருப்பு! "அப்பா, நான்தான் விண்மணி"ன்றா. அவனும் கட்டிப் புடிச்சிகினு அழுவுறான். ஏண்டா டேய், நேத்து வரைக்கும் முன்பல்லு வுழுந்த புள்ளைடா அது! ஒரு பொகையில எப்டிடா வளரும்? அந்தப் பொகைக்குள்ள லிப்ஸ்டிக்கு கடை வெச்சிகினு எவன்டா குந்தியிருந்தான்? டிவிய பாத்து கத்தறேன், கேக்க ஆளில்ல. அந்தப் புள்ள தவழறதுலேருந்து பாத்தவண்ணே நான். ஒரு வார்த்தை சொல்லாம மாத்திட்டான். அன்னிக்கி நான் சோறு துண்ணல.

மறுநா காலையில எல்லாம் வாயில பிரஷ்ஷோட வந்து நிக்குது. "அக்கா, பாப்பா இன்னா பண்ணா?" எப்டிண்ணே சொல்வேன்? உங்க பொண்ணு மூஞ்சிய பாத்தா வாய் வரல. பாப்பாவ பத்தி சொல்லணும், ஆனா பாப்பா இல்ல. சட்டுன்னு, "லேசா ஜொரம், படுத்துகினு கீறா"ன்னு சொல்லிட்டேன். படுத்துகினு இருந்தா ஒண்ணும் பண்ண வேணாம் பாருங்க, எனக்கும் சொல்றதுக்கு சுளுவு. அதுக்கு அடுத்த நாளும் வந்து கேக்குதுங்க. வேற ஒண்ணும் தோணல, ஜொரத்த ஏத்திட்டேன். நேத்து வாய் சும்மா இருக்கல, ராக்கெட்டுல கீற இன்னொரு டாக்டரு கைய விரிச்சிட்டாருன்னுட்டேன். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. ஆனா எல்லாம் மூச்சு வுடாம கேட்டுதுங்கண்ணே! வேலைக்குப் போறதையே மறந்துட்டுதுங்க. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு இது... பெருமைதான், ஒத்துக்கறேன்.

எம்மவன் வசந்த்து பெங்களூர்ல கீறான். பண்டிகைக்கு வருவான், பொட்டிய வெக்கறதுக்குள்ள கெளம்பிடுவான். வேற யாரு எங்கிட்ட வந்து "அப்புறம்கா"ன்னு கேக்கறா? பாப்பா வளந்துட்டான்னு சொன்னா நாடகம் சப்புன்னு போயிடும், இதுங்களும் மேல ரூம்புக்கு போயி படுத்துக்கும். அந்தப் பயம்தாண்ணே எனக்கு. அதுக்கு ஒரு பச்சப் புள்ளைக்கு ஜொரத்த வர வெச்சி, உங்க பொண்ணு மானத்தையும் கப்பலேத்திட்டேன். திட்டுங்க. என்னை நல்லா திட்டுங்க. ஆனா அவள கூட்டிகினு போவாதீங்க. கை சுத்தமான வேலைக்காரின்னு லைன்ல பேரெடுத்துகீறா அவ.

நான் சொல்றது இதுவும் பொய்யின்னு பாக்கறீங்களா?

கேட்டு தொறக்கற சத்தம்... வந்துட்டாளுங்க! அண்ணே, எங்கிட்ட கத்துங்க, அவகிட்ட கத்தாதீங்க. ...வாடி சுகப்பிரியா. இங்க யாரு வந்துகீறாங்கன்னு... ஏய், இங்க பாருடீ! பாத்தீங்களாண்ணே, பெத்த அப்பன் உக்காந்துகினு கீறாரு, அவ கண்ணுக்குப் படல. நேரா டிவி பெட்டிகிட்ட போறா. பொட்டலத்த பிரிக்கறா... திருநீறு எடுத்து டிவி கண்ணாடி மேல பூசறா பாருங்க! நெத்தி எதுன்னு தெரியாம நடுவுல கோடு போடறா! கண்ண மூடிகினு வேண்டறா. போதுமாண்ணே? இதாண்ணே உங்க பேரப்புள்ள!

சிரிக்கறீங்களா? இல்ல அழுவுறீங்களா? ரெண்டும் ஒண்ணா வருது உங்களுக்கு. ...ஏய், அப்பாடீ! ஒண்ணுமில்ல, ஒன்ன பாக்கணும்னு வந்தாரு, அவ்ளோதான். ...பொட்டிய நீங்களே உள்ள வெக்கறீங்களா? வெய்ங்கண்ணே, வெய்ங்க. மகராசனா இருங்க. ...இன்னா அவ காதுல சொல்றீங்க? ஐயோ, வேணாம்ணே... பாப்பா வளந்ததையா? எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா? பொட்டிய உள்ள வெச்ச கையோட இதையும் போட்டு ஒடைக்கணுமா?

ஒங்க காதுலயும் வுழுந்துடுச்சா? ஏண்டி எல்லாம் என்னை அப்டி பாக்கறீங்க? கனகலட்சுமி, எங்கடி மேல ஏறிப் போற? ஏய், எல்லாரும் போறீங்களா? போங்கடி, போங்க. வெளக்கு ஏத்தினது ஒண்ணும் வீணா போவாது, சாமிக்குத்தானே ஏத்துனீங்க...

நீ ஏண்டி நிக்கற, சுகப்பிரியா? நீயும் போ. பொய்க்காரி மூஞ்சிய பாத்துகினு நிக்காத. ...இன்னா? சத்தமா கேளு. அதான் எல்லாம் பொய்யின்னு ஒங்கப்பா சொல்லிட்டாரே, இன்னும் இன்னாடி கேக்கற?

...ஜொரமா?

வுட்டுடுச்சு கண்ணு. விடியகாலையிலயே வேர்த்து வுட்டுடுச்சு. எழுந்து குந்திகினு, ரசஞ்சோறு குடுன்னு கேக்குது.