கேத்திலில் ஒரு முழங்கை

முழுவட்டப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் எந்தக் கமரா நல்லது என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் முக்காலியைப் பற்றித்தான் சொல்வேன். கமரா ஆசையை ஒரு வருடம் தள்ளிப்போடலாம், ஆனால் ஆடுகிற முக்காலியோடு ஒரு நாள்கூட மாரடிக்க முடியாது.

நடந்ததை என் மொழியிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னீர்கள். நன்றி. வீட்டு முகவர்களோடு பிரெஞ்சில் பேசி ஒப்பேற்றிவிடுவேன், இதற்கு அது போதாது. மொழிபெயர்க்கிறவர் தடுமாறக் கூடாது என்பதற்காகத் தொழிலிலிருந்து தொடங்குகிறேன். தொழில் விளங்கினால் றெனோல்ட் எப்படிச் செத்தான் என்பதும் விளங்கும்.

றெனோல்ட் என் தங்கை றொசானாவின் கணவன். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தான். இரண்டாயிரத்து நான்கில் அங்கே ஆட்களைக் குறைத்தார்கள். பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டும் இரவில் நித்திரைக் குளிசை போட்டுக்கொண்டும் கிடந்தவனை நான்தான் என்னோடு கூட்டிக்கொண்டேன். நன்றிக்காகச் சொல்லவில்லை. றொசானா கேட்டாள், செய்தேன். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. இந்த ஊரில் அவளுக்கு நான், எனக்கு அவள்.

எங்கள் வேலை சிக்கலானதல்ல. விற்பனைக்கு வரும் வீட்டுக்குப் போய், அறையின் நடுவில் கமராவை நிறுத்தி, சுற்றிவரப் படம் எடுத்து, அவற்றை ஒட்டி ஒன்றாக்கி இணையத்தில் போடுவோம். வாங்க நினைப்பவர் தன் வீட்டிலிருந்தே மவுஸை இழுத்தால் போதும், அந்த அறைக்குள் நின்று சுற்றிப் பார்ப்பது மாதிரி இருக்கும். அப்போது அது புதுசு. முகவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

சாதாரண லென்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு நிறையப் படம் வேண்டும். நான் மிக அகலமாகப் பார்க்கும் மீன்கண் லென்ஸ் எடுத்தேன், ஆறு படத்தில் வட்டம் முடிந்துவிடும். அடுத்தது, கமராவை முக்காலியில் பிடிக்கிற தலை. ஒரு கண்ணை மூடி, பெருவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, தலையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். பின்சுவரில் விரல் இடம் மாறுவது தெரியும். கமராவுக்கும் அதே வருத்தம்தான். லென்ஸின் கண் எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அதிலேயே அது சுழல வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டும்போது கதவுநிலை முறிந்துபோகும். அந்தப் புள்ளியைச் சரியாகப் பிடிக்க எனக்கு ஒரு மாரிகாலம் முழுக்க எடுத்தது. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நான் அவசரப்படவில்லை. சில மென்பொருட்கள் தாமாகவே ஒட்டித் தந்துவிடும், நம்மை ஒரு வார்த்தை கேட்காது. நான் வாங்கியது மெதுவானது. ஆனால் இரண்டு படங்கள் சந்திக்கும் இடத்தில் எது மேலே வர வேண்டும் என்று அது என்னைக் கேட்கும். ஒரு படத்தில் பூனை இருந்து அடுத்த படத்தில் இல்லாவிட்டால், அங்கே பூனை இருந்ததா இல்லையா என்பதை நான் முடிவு செய்யலாம். வெளி வேலை என்றால் நாளும் முக்கியம். வெய்யில் நாளில் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டு ஒட்டுக் காட்டிக்கொடுக்கும். மேகம் மூடிய மப்பு நாள்தான் நல்லது. மொட்டைமாடி, தோட்டம் எல்லாவற்றுக்கும் மப்பு நாளாகப் பார்த்தே தேதி கொடுப்பேன்.

இன்னொன்றையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். மற்றப் படப்பிடிப்பாளர்களுக்குக் கமராவுக்குப் பின்னால் என்று ஓர் இடம் இருக்கிறது. எங்களுக்கு இல்லை. கமரா திரும்பத் திரும்ப நாங்களும் அதன் முதுகுப் பக்கமாகவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். தொடக்கத்தில் நானும் றெனோல்டும் ஒருவர் காலை ஒருவர் மிதித்தோம். பிறகு பழகிவிட்டது. நான் வலப்பக்கம் திருப்பினால் அவன் பார்க்காமலே காலை எடுத்து வைப்பான். என்னை அவ்வளவு நம்பினான்.

ஆனால் அவன் படத்துக்குள் வந்துவிடுவான். ஆளாக அல்ல, துண்டு துண்டாக. குசினியைப் படம் எடுத்தால் அடுப்பில் மினுங்கும் கேத்திலின் வயிற்றில் அவனுடைய முழங்கை. குளியலறைக் குழாயில் ஒரு தோள். தொலைக்காட்சியின் கறுப்புக் கண்ணாடியில் ஒரு முதுகு. ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு றொசானா எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிக் கடும்பச்சை ஜாக்கெட் வாங்கித் தந்திருந்தாள். வீடுகளில் சூடு போதாததால் உள்ளேயும் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வோம். அந்தப் பச்சை எங்கே இருந்தாலும் என் கண்ணில் குத்தும். வேலை முடிந்து வந்து கணனியில் உட்கார்ந்து, பக்கத்துச் சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ கொஞ்சம் எடுத்து அவன்மேல் பூசி அவனை அழிப்பேன். ஒவ்வொரு வீட்டிலும் அழித்தேன். ஒரு மனிதனை அத்தனை தடவை அழித்தால் கை பழகிவிடுகிறது. மனமும் பழகிவிடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

அவனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் சிரித்தான்.

“ஆர் மச்சான் உந்தக் கேத்திலுக்குள்ளை எட்டிப் பாக்கிறது? வீடு வாங்கிறவன் குசினியைப் பாப்பான், விலையைப் பாப்பான். நாங்கள் படத்திலை நிண்டாத்தான் என்ன? வடிவாத்தானே இருக்கிறம்.”

அவன் நல்லவன். பகிடிக்காரன். ஜான்-டலோன் சந்தையில் றொசானா வேலை செய்யும் மரக்கறிக் கடைக்கு முன்னால் நின்று, கத்தரிக்காயைத் தூக்கி மைக் மாதிரிப் பிடித்துப் பாடி அவளை வெட்கப்பட வைப்பான். எனக்கும் அவனைப் பிடிக்கும். படத்துக்கு வெளியே பிடிக்கும்.

இரண்டாயிரத்து ஆறு கோடையில் அவன் ஒரு புதிய சாமானோடு வந்தான். லென்ஸுக்கு மேல் பூட்டுகிற குண்டுக் கண்ணாடி. ஒரே அமுக்கில் முழு அறையும் அதற்குள் விழுந்துவிடும். சுற்றத் தேவையில்லை, ஒட்டத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஐந்து வீடு முடிக்கலாம், உனக்கும் முதுகு நோகாது என்றான். படம் சேறு மாதிரி இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கண்ணாடியில் ஒளிய இடமே இல்லை. எல்லாவற்றுக்கும் நடுவே, பெரிதாகப் பல்லைக் காட்டிக்கொண்டு, அவன் நின்றான். இரண்டு முகவர்களுக்கு அதைக் காட்டிச் சம்மதமும் வாங்கியிருந்தான். இரவெல்லாம் அந்தப் படத்தில் அவனை அழிக்கப் பார்த்தேன். நடுவில் நிற்பவனை அழித்தால் பூசுவதற்குப் பக்கத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் எனக்கு நியாயமான ஒரு யோசனை வந்தது. படம் எடுத்த பிறகு அழிப்பதைவிட, எடுக்கும்போதே அவன் இல்லாமல் இருப்பது எவ்வளவு சுகம்.

அவனிடம் சரி என்றேன். அடுத்த வருடம் கண்ணாடிக்கு மாறுவோம், அதுவரை என் முறையில் ஒரு முன்னேற்றம் செய்வோம் என்றேன். கமராவிலிருந்து மடிக்கணனிக்கு ஒரு வயர். எடுக்கிற படம் கமராவில் பதிவாவதோடு உடனே திரையிலும் வரும், பிழை இருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். நல்ல முறைதான், இன்றைக்கும் சிபாரிசு செய்வேன். மடிக்கணனியைக் கையில் ஏந்திக்கொண்டு திரையைப் பார்ப்பது றெனோல்டின் வேலை. அதனால் அவன் கண் எப்போதும் திரையில் இருக்கும். கால் என்னைப் பார்த்து நகரும். வயர் நீளமானதாக வாங்கினேன்.

ஒக்டோபர் கடைசியில் கால்வாய்ப் பக்கம் கட்டி முடியாத ஒரு கொண்டோ அடுக்குமாடியின் மொட்டைமாடியைப் படம் எடுக்கப் போனோம். மேலேயிருந்து ஆறும், துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும், மறுபக்கம் மலையும் தெரியும். அந்தக் காட்சியைக் காட்டித்தான் வீடுகளை விற்கப்போகிறார்கள். மூன்று பக்கம் கம்பி வேலி போட்டிருந்தார்கள். நாலாம் பக்கத்தில் மஞ்சள் நாடா மட்டும் கட்டியிருந்தது, அதை நான் அவிழ்த்தேன். படத்தில் நாடா அசிங்கமாக இருக்கும் என்றேன். அது உண்மைதான். முக்காலியை அந்தப் பக்கத்திலிருந்து வயர் நீளத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வைத்தேன்.

முதல் மூன்று படமும் நன்றாக வந்தன. நான் திருப்ப, அவன் திரையைப் பார்த்தபடி கமராவின் முதுகுப் பக்கம் வந்தான். நாலாவது படத்தில் நான் அவனிடம் சொன்னேன்.

“மச்சான், உன்ர நிழல் விழுது. கொஞ்சம் பின்னுக்குப் போ.”

போனான்.

“இன்னும் கொஞ்சம்.”

“இவ்வளவு காணுமே?” என்று கேட்டான். திரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“இன்னும் ஒரு அடி” என்றேன்.

அவன் விழும்போது வயர் கமராவை இழுத்தது. கமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் முக்காலியை நான் இரண்டு கையாலும் ஏற்கெனவே பிடித்திருந்தேன். வேலைப் பாதுகாப்பு அதிகாரிகள் நிறையக் கேள்வி கேட்டார்கள், ஏன் முக்காலி விழவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. தொடங்கிய சுற்றை இடையில் விடக் கூடாது என்பது என் வழக்கம். மிச்சம் மூன்று படங்கள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுத்தான் அவசர இலக்கத்துக்கு அடித்தேன். கீழே ஆட்கள் கத்துவது கேட்டது.

விபத்து என்று முடித்துவிட்டார்கள். எங்கள் கோவில் பங்கு மக்கள் முடிக்கவில்லை. வேலை போன கதையும் குளிசைக் கதையும் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு, கோவில் மண்டபத்தில் வடையும் தேத்தண்ணியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பங்கிலுள்ள பத்திநாதரின் மனைவி செலீன் றொசானாவின் கையைப் பிடித்து, ஆண்டவர் தானாகப் போனவர்களுக்கும் இரங்குவார் பிள்ளை, என்றாள். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பாள். றொசானா கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணை, ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ. அவர் தானாக் குதிச்சவரோ? என்னை விட்டிட்டுப் போகவேணுமெண்டு போனவரோ?”

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் கல் அல்ல. அவன் குதிக்கவில்லை என்று சொன்னேன். நிழல் விழுந்தது, பின்னுக்குப் போகச் சொன்னேன், அவன் திரையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான், பிழை என்னுடையது என்று சொன்னேன். அதிகாரிகளிடம்கூட நிழல் கதையைச் சொல்லவில்லை. அவளுக்காகச் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து, அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். எனக்காகவும் செபிப்பதாகச் சொன்னாள். இவ்வளவு நாள் செய்ததில் அது ஒன்றுதான் நல்ல காரியம் என்று அப்போது நினைத்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். அவன் கடைசியாக நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கட்டுமானக்காரர் அந்தப் படத்தை வாங்கவில்லை, ஆனால் நான் ஒட்டி வைத்திருந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை அது. ஒட்டுத் தெரியாது, ஒரு பச்சை நூல்கூடக் கிடையாது. அவளுக்குக் காட்ட எனக்கு விருப்பம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மவுஸை அவளிடம் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோது அவள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆறு, பாரந்தூக்கி, மலை, மறுபடி ஆறு. மெதுவாக, ஒவ்வொரு இடமாக நிறுத்தி.

“என்ன தேடுறாய்?”

“அவரின்ர நிழல் விழுந்தது எண்டு சொன்னீங்கள். ஆள் இல்லாட்டிலும் நிழலாவது ஒரு மூலையிலை மிஞ்சியிருக்குமெண்டு பாத்தன்.” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அண்ணை, இதிலை ஒண்டுக்கும் நிழல் இல்லை. கம்பிக்கும் இல்லை. வெய்யிலே இல்லை.”

மப்பு நாள் என்றேன். என்னையும் அறியாமல், மப்பு நாள்தான் நல்லது என்றும் சொன்னேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். தேத்தண்ணிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள், கோட்டைப் போட்டாள், போனாள். அங்கிருந்து நேரே பொலிஸுக்கு, உங்களிடம் வந்தாள் என்று பிறகு அறிந்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் தன்னை விட்டுப் போகவில்லை என்பது இப்போது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதைக் கொடுத்தவன் நான்தான்.

எனவே, ஓம். அன்றைக்கு நிழல் இருக்கவில்லை. விளிம்பு எங்கே என்று எனக்குத் தெரியும், நாடாவை அவிழ்த்தது நான், ஒவ்வோர் அடியாகப் பின்னுக்குப் போகச் சொன்னதும் நான். றெனோல்டை நான் கொன்றேன். என் படங்களைக் கெடுத்தான் என்பதைத் தவிர அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்றை மட்டும் நீங்கள் விசாரிக்க வேண்டும். அவன் போன பிறகு தனியாகத்தான் வேலை செய்தேன். கூட ஒருவரும் வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு குசினியிலும் கேத்திலின் வயிற்றில் அந்தப் பச்சை முழங்கை இருக்கிறது. குழாயில் தோள் இருக்கிறது. முன்பு போலவே, அதே இடத்தில், அதே அளவில். இரண்டு தடவை வீடு முழுக்கத் தேடிப் பார்த்தேன், பயமாக இருந்தது. நேற்று உங்கள் அலுவலகத்தில் அந்தப் படங்களை றொசானாவுக்குக் காட்டினீர்களாம். பழைய படங்களிலும் புதிய படங்களிலும் இருப்பது ஒரே கைதான், அது அண்ணையின் கைதான் என்று அவள் சொன்னாளாம். அதைப் பெரிதாக எடுக்காதீர்கள். அவளுக்குப் படம் பார்க்கத் தெரியாது.