குட்டையான கம்பி

நம் போர்வெல் பற்றிய பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, நடுவில் ஒரு சின்னக் கதை சொல்கிறேன். இதில் கணக்கும் வரும்... பயப்படாதீர்கள். கொஞ்சம் வகுத்தல், ஒரு பெருக்கல், அவ்வளவுதான்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் நிறையப் பேர். முட்டையிலிருந்து வந்த புழுவை முதல் சில நாள் விவசாயிகள் வளர்ப்பதில்லை. அதற்கென்று இளம்புழு வளர்ப்பு மனை உண்டு. அப்படி ஒரு மனைக்குப் பொறுப்பாளர் மாதம்மாள். அறையில் வெப்பம் இருபத்தேழு டிகிரி இருக்க வேண்டும். முப்பதைத் தாண்டி நெடுநேரம் போனால் புழு தாங்காது. மார்கழிக் குளிருக்குக் கம்பிச்சுருள் ஹீட்டர் ஒன்று வைத்திருந்தார்கள். மாலையில் இலை போட்டு, ஹீட்டரை ஓடவிட்டு, கதவைப் பூட்டினால்... காலையில்தான் திறப்பார்கள்.

ஒரு நாள் மாலை நாலு மணிக்கு ஹீட்டர் கம்பி அறுந்துவிட்டது. மறுநாள் நாற்பது குடும்பங்கள் புழு வாங்க வருகின்றன. எலக்ட்ரீஷியன் முனிரத்தினத்தைக் கூப்பிட்டார்கள். முப்பது வருட அனுபவம். என்ன செய்தார்? நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். கருகிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சக் கம்பியை இழுத்து முறுக்கிச் சேர்த்தார்.

"கம்பியில அஞ்சுல ஒரு பங்கு போயிடுச்சு மாதம்மா. அவ்வளவு சூடும் குறையும். என் வீட்டுல ஐந்நூறு வாட் ஹீட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு. அதையும் பக்கத்துல வெச்சிடலாம்."

நியாயமாகத்தானே இருக்கிறது? கம்பி குறைந்தால் சூடும் குறையும்... நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்? மாதம்மாளும் தலையாட்டினார். இரண்டாவது ஹீட்டரும் வந்து இறங்கிவிட்டது.

பூட்டைக் கையில் எடுத்த மாதம்மாள், உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, இது முன்னைவிடச் செக்கச்செவேல்னு எரியுதே?"

"புதுசா முறுக்கினா அப்படித்தாம்மா. கல்யாணம் ஆன புதுசுல எல்லாரும் பளபளன்னுதான் இருப்பாங்க."

"கரண்ட் அளக்கிற உங்க கிளாம்ப் மீட்டரை ஒரு தடவை மாட்டிப் பாருங்களேன்."

"மோட்டாருக்கு மாட்டறதை இதுக்கு மாட்டச் சொல்றியே... பிளஸ் டூ படிச்சவங்களோட இதுதான் ரோதனை."

மாட்டினார். ஐந்து ஆம்பியர். வோல்டேஜ் இருநூற்று முப்பது. ஹீட்டரின் முதுகில் என்ன அச்சடித்திருக்கிறது? 230 வோல்ட், 920 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் நாலு. அதாவது முன்பு இழுத்தது நாலு ஆம்பியர். இப்போது... ஐந்து!

"கரண்ட் கூடியிருக்கே அண்ணா."

"முறுக்கின இடத்துல தடை ஜாஸ்தியாகியிருக்கும். அதான் கூட இழுக்குது."

மாதம்மாள் விடவில்லை. தட்டுகளில் தேதி எழுதும் சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதினார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. முன்பு, 230-ஐ நாலால் வகுத்தால் ஐம்பத்தேழரை ஓம். இப்போது ஐந்தால் வகுத்தால் நாற்பத்தாறு ஓம். தடை எங்கே கூடியது? குறைந்திருக்கிறது! ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அவர் வெட்டிப்போட்ட கம்பி எவ்வளவோ, அவ்வளவு. தடை குறைந்தால் மின்சாரம் தாராளமாக ஓடும். சரி, சூடு? வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள். 230 பெருக்கல் ஐந்து... ஆயிரத்து நூற்றைம்பது வாட். குட்டையான கம்பி, கூடுதல் சூடு! அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஐந்நூறு வாட். பூட்டிய அறை. உள்ளே நாற்பது குடும்பத்தின் புழு.

முனிரத்தினம் சுவரைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். தன் ஹீட்டரைத் தானே கழற்றி, ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப... இத்தனை வருஷமா நான் வெட்டி முறுக்கிக் கொடுத்த அடுப்பு, இஸ்திரிப்பெட்டி எல்லாம்?"

"சட்டை கருகுதுன்னு எத்தனை பேர் திரும்ப வந்தாங்களோ, உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனார். அவர் வரும்வரை மாதம்மாள் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து, அந்த ஹீட்டரைப் போட்டும் அணைத்தும் சமாளித்தார். முழு நீளக் கம்பி வந்தது. மாட்டினார்கள். மறுபடி அளந்தார்கள். நாலு ஆம்பியர். அதன் பிறகுதான் கதவைப் பூட்டினார்கள். மறுநாள் நாற்பது குடும்பமும் உயிருள்ள புழுவை வாங்கிக்கொண்டு போனது.

முனிரத்தினம் விவரம் இல்லாதவரா? கிடையாது. அனுபவம் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லும். அதுதான் சங்கடமே... என்றைக்குத் தப்பாகச் சொல்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி, அளந்து பார்ப்பது. அளந்த பிறகு, முனிரத்தினத்தைப் போல, மாட்டியதை நம் கையாலேயே கழற்றுவது. இரண்டாவதுதான் கஷ்டம்.

நம் குடியிருப்பில் புதிதாகப் போட்ட போர்வெல் தண்ணீரைப் பற்றிக் காலையிலிருந்து மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். "கண்ணாடி மாதிரி இருக்கு மேடம், டெஸ்ட் எதுக்கு?" கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. நானும் பார்த்தேன். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு கூடுதலாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்... அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. இரண்டு பாட்டில் பிடித்து வைத்திருக்கிறேன், நாளைக்கு ஆய்வகத்துக்குப் போகிறது. முடிவு வரும்வரை குழந்தைகளுக்கு அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்காதீர்கள். என் சந்தேகம் தப்பென்று வந்தால், இதே இடத்தில் நின்று, உங்கள் எல்லோர் முன்னாலும் முதல் டம்ளரை நானே குடிக்கிறேன்.