தீ கொஞ்சம் குறைந்தது

மனைவி: ஐயோ! என்னங்க அது, டமார்னு?

கணவன்: ஒண்ணுமில்ல... காலி வாளி. கால் பட்டுடுச்சு.

மனைவி: அமிலக் குடுவைதான் உடைஞ்சுதோன்னு உயிரே போயிடுச்சு! மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.

கணவன்: மண்ணு கரைஞ்சுதா?

மனைவி: வடிகட்டிக்கிட்டு இருக்கேன். கழுத்துல மூச்சு விடாதீங்க.

கணவன்: இதுவும் கரையலேன்னா சாயங்காலம் உங்க அண்ணன் வந்து தன்னோட கொட்டகைச் சாவியை வாங்கிட்டுப் போயிடுவாரு.

மனைவி: தெரியும்.

கணவன்: "களிமண்ணுல இருந்து அலுமினியமா? மாப்பிள்ளை, உங்க தலையில இருக்கிறதையும் சேர்த்துப் போடுங்க"ன்னு போன வாரம் எப்படிச் சிரிச்சாரு!

மனைவி: நீங்க மட்டும் சும்மா இருந்தீங்களா? "செங்கல் சூளையில வளர்ந்தவன் நான், என் உலையில தீ குறையாது"ன்னு சவால் விட்டீங்க.

கணவன்: மண்ணுன்னா நல்லா வேகணும்ல?

மனைவி: செங்கல்லுக்கு வேகணும். இது பக்குவமா வறுபட்டாப் போதும். தீ மிஞ்சினா அமிலத்துல கரையவே கரையாது. இதுவரைக்கும் எல்லாம் அப்படித்தானே வீணாச்சு... தொண்டை வறளச் சொன்னேன்.

கணவன்: சரி, சரி... அது என்ன, தண்ணி தெளிவா இறங்குது?

மனைவி: இருங்க... சக்கை மட்டும் மேல நின்னுடுச்சு. இப்போ அம்மோனியா. ஒரு சொட்டு... இன்னொண்ணு...

கணவன்: ஏய்! திரியுது! தயிர் மாதிரி!

மனைவி: கத்தாதீங்க, சொட்டு கூடிப் போயிடும்.

கணவன்: அலுமினியமா அது?

மனைவி: அதுக்கு முந்தின கட்டம். இதைச் சுட்டா வெள்ளைப் பொடி. அதை உருக்கி மின்சாரம் பாய்ச்சினா உலோகம்.

கணவன்: லேசா மஞ்சளா இருக்கே?

மனைவி: இரும்பு. அதை விரட்டறது நாளைய வேலை. சாவி நம்மகிட்டதான்!

கணவன்: அப்புறம் ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?

மனைவி: என்னங்க... திட்டக் கூடாது. நேத்து மத்தியானம் உலைப் பக்கத்துல கண்ணசந்தீங்கல்ல... அப்போ தீயைக் குறைச்சுட்டேன்.

கணவன்: என் உலையிலயா?

மனைவி: அண்ணன்கிட்ட சவால் விட்டுட்டு நீங்களா குறைப்பீங்களா? பூனை மாதிரி வந்தேன். உங்க குறட்டையில கொட்டகையே அதிர்ந்தது...

கணவன்: பூனை உலைக் கதவைச் சாத்தாமலே ஓடிடுச்சு.

மனைவி: இல்லியே... அப்புறம் வந்து பார்த்தேன், சாத்தித்தானே இருந்தது?

கணவன்: நான்தான் எழுந்து சாத்தினேன்... குறட்டையை நிறுத்தாமலே.