மேஜையின் மேல் சிக்காத பொத்தான்

மேஜையின் மேல் வைத்து எத்தனை தடவை அழுத்தினாலும் அந்தப் பொத்தான் ஒழுங்காகத்தான் வேலை செய்யும், இன்ஸ்பெக்டர் சார். உங்கள் ஆட்கள் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பாவம், அவர்கள் மேல் குற்றமில்லை. உங்களுக்குத் தமிழ் புரியும் என்றீர்கள். அதனால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் எனக்குக் கணக்கு வரும், துக்கம் வராது.

என் பெயர் நாகேஸ்வரன். கரமனையில் வீடு. ஓய்வு பெறும்வரை ஓர் ஆய்வுக்கூடத்தில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். இறந்துபோன பிரணவ் என் மாப்பிள்ளை. கடலுக்கடியில் போய் மீன்களையும் பாறைகளையும் படம் எடுப்பது அவர் தொழில். நல்ல மனிதர். என் மகள் விஷ்ணுப்ரியாவை முகம் வாட விட்டதில்லை. இதை மனதாரச் சொல்கிறேன்.

அவளுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். இரண்டு முறையும் அவர் கடலில் இருந்தார். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் சமுத்திரத்தில் முழுகக் கூடாது என்று எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மலை ஏறக் கூடாது, பிணம் சுமக்கக் கூடாது என்பதோடு சேர்ந்து அதுவும் வரும். டாக்டர் வேறு காரணம் சொன்னார். டாக்டர்கள் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்.

நான் வாய்விட்டுக் கேட்டேன்.

"மாப்ளே, பிரசவம் ஆறவரைக்கும் கடல்ல எறங்க வேண்டாமே. இவ ஒரு குழந்தையை மடியில வெச்சுக்கட்டும். பின்னெ நீங்க எத்தனை வேணும்னாலும் முங்கிக்கோங்கோ."

"மாமா, அது குளிக்கப் போறவாளுக்குச் சொன்னது. நான் ஜோலிக்கல்லவா போறேன்" என்று சிரித்தார். விஷ்ணுப்ரியாவும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் பொத்தான் சிக்கியது. கேமராவுக்குள் தண்ணீர் புகாமலிருக்க ஒரு கெட்டியான பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போவார்கள். பெட்டியின் வெளியே இருக்கும் பொத்தானை அழுத்தினால் அதன் தண்டு உள்ளே போய்க் கேமராவை அழுத்தும். ஒரு ஸ்பிரிங் அதைத் திரும்ப வெளியே தள்ளும். அவ்வளவுதான் விஷயம். சாப்பிடும்போது அவர் அதைக் கதையாகவே சொன்னார்.

"வெள்ளத்துக்கடியில பட்டன் அமுங்கினது அமுங்கினபடியே நின்னுடுத்து மாமா. நானும் அதையே குத்திண்டிருந்தேன். சிலிண்டர்ல காத்து தீரப்போறதை நோக்கவே இல்லை. மைதீன்தான் தோளைப் பிடிச்சு மேலே வலிச்சிண்டு வந்தான்."

விஷ்ணுப்ரியா சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அத்தனை ஆழத்தில் கள் குடித்ததுபோல மூளை மந்தமாகிவிடும், படம் கிடைக்காமல் மேலே வர மனம் ஒப்பாது என்று அவர் அவளுக்கு விளக்கினார். மைதீன் விழிஞ்ஞத்துக்காரன், எப்போதும் அவரோடு சேர்ந்து இறங்குகிறவன். தனியே இறங்க விட்டான் என்று நீங்கள் பிடித்து வைத்திருப்பது அவனைத்தான்.

பெட்டியை நான் சரிசெய்து தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டால் உப்பு கரையும். பிறகு உள்ளேயிருக்கும் கிளிப்பைக் கழற்றித் தண்டை உருவினேன். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மிச்ச உப்பை எடுத்தேன். ரப்பர் வளையத்துக்குப் புது கிரீஸ் தடவினேன். பொத்தான் புதிதுபோல ஆயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

சாலைக் கடைத்தெருவில் பிச்சையாவின் கடைக்குப் போய், அதே அளவில் கொஞ்சம் வலுக்குறைந்த ஸ்பிரிங் ஒன்று வாங்கினேன். எதற்கென்று அவருக்குத் தெரியாது. கீழே போகப் போகத் தண்ணீர் பொத்தானை உள்ளே தள்ளும், சார். ஸ்பிரிங் அதற்கு மேல் வலுவாக இருக்க வேண்டும். என் பழைய எடைக்கற்களைப் பொத்தானின் மேல் ஒவ்வொன்றாக வைத்து, எந்த ஆழத்தில் அது திரும்பாது என்று பார்த்துக்கொண்டேன். வாளியில் வேலை செய்யும். கரையோரத்திலும் செய்யும். அவர் வழக்கமாகப் போகும் ஆழத்துப் பாறைத்திட்டில் செய்யாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எனக்கு ஆழம் நன்றாகவே தெரியும்.

படம் வராது, சலித்துப்போய்ப் பிரசவம்வரை வீட்டிலிருப்பார் என்றுதான் செய்தேன். குழந்தை பிறந்ததும் பழைய ஸ்பிரிங்கையே மாட்டிக் கொடுப்பதாக இருந்தேன். அதைத் தொலைத்துவிடாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

சிலிண்டரில் காற்று தீர்ந்து இறந்த அவர் உடலைக் கொண்டுவந்தபோது அழுதேன். அது நடிப்பில்லை. ஸ்டேஷன் வாசலில் மைதீனின் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அதனால்தான் வந்திருக்கிறேன். அவனை விட்டுவிடுங்கள்.

நேற்று மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"போக வேண்டாம்னா முழுசா ஒடைச்சுப் போட்டிருக்கலாமேப்பா. இங்கயே, அவர் கண்ணு முன்னாடியே."

உடைத்தால் வேறொன்று வாங்குவார், என் மேல் வருத்தம் வேறு வரும், கடலே அவரை வேண்டாமென்று சொன்னதாக இருக்கட்டும் என்று நினைத்தேன் என்றேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி, இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் குழந்தை நன்றாக இருக்கிறது, சார். டாக்டரே சொன்னார். இந்தத் தடவை தங்கிவிட்டது.

அவள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நீங்களும் இன்னும் கேட்கவில்லை.

அவர் இறந்த அன்று காலை, கூடத்தில் அவர் போனில் பேசியது எனக்குக் கேட்டது. மைதீனுக்குக் காது வலி. படகிலேயே இரு, நான் மட்டும் இறங்குகிறேன் என்று அவனிடம் சொன்னார். பெட்டி என் காலடியில், கசிகிறதா என்று பார்ப்பதற்காக வாளித் தண்ணீரில் கிடந்தது. அதை எடுத்து, துண்டால் ஈரம் போகத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.

"பட்டன் செரியாச்சோ மாமா?"

"நன்னா வேலை செய்யறது. அமுக்கிப் பாருங்கோ."

அழுத்திப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார். பழைய ஸ்பிரிங் அப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. கழற்றி மாட்டக் கொஞ்ச நேரம் போதும். மாட்டியிருக்கலாம்தான், சார். உள்ளே காபி ஆறிக்கொண்டிருந்தது.