ரெண்டு சாட்சிக்கு ஒரு காது

மேகம் கூடினாலே எனக்கு இடது தோள்பட்டை குடைய ஆரம்பித்துவிடும். இருபது வருசமாகத் தமுக்கைத் தொங்கவிட்ட தோள். அதனால் உட்கார்ந்தே சொல்கிறேன், ஐயா தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கலெக்டர் ஆபீஸிலிருந்து இம்புட்டுத் தூரம் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். எதையும் மறைக்கப் போவதில்லை. காப்பி ஆறுது, குடிங்க.

என் பேர் நாகையா. இந்த ஊர்த் தலையாரி. சர்க்கார் சேதி எது வந்தாலும் தமுக்கடித்து ஊருக்குச் சொல்வது என் வேலை. அந்தச் சம்பளம் வெத்திலைக்குக் காணாது. அதனால் வீட்டு முற்றத்தில் தீப்பெட்டி ஒட்டும் வேலையும் வைத்து நடத்துகிறேன். சிவகாசிக் கம்பெனி தாளும் பட்டையும் கொடுக்கும். ஊர்ப் பொம்பளைகள் ஒட்டிக் கொடுப்பார்கள். முன்பணம் கொடுத்து வைத்தால்தான் ஆள் நிற்கும். இதெல்லாம் ஊரில் நடக்கிற வழக்கம்தான்.

மாரித்தாய் என்னிடம் பெட்டி ஒட்டுகிறவள். அவள் விரல் போகிற வேகத்தைக் கண் பிடிக்காது. மகள் வள்ளித்தாய் அதைவிட வேகம். புருசன் செல்லச்சாமி, பிள்ளை நடை பழகும் முன்பே மலாயாவுக்குக் கப்பலேறி, அங்கே ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தான். சர்க்கார் உத்தியோகம். மணியார்டர் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. அந்தச் சமயத்தில்தான் அவள் என்னிடம் பதினைந்து ரூபாய் முன்பணம் வாங்கினாள்.

ஐம்பத்தேழாம் வருசம் தாலுகா ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. கிராம முன்சீப் ஐயா விருதுநகரில் வத்தல் மண்டியும் பார்க்கிறவர், கையெழுத்துப் போட மட்டும் ஊருக்கு வருவார். அவர்தான் வாசித்தார். மலாயா ரயில்வே செல்லச்சாமி காய்ச்சலில் காலமாகிவிட்டான். அவன் டிரங்குப் பெட்டியையும் குடையையும் அங்கேயே ஏலம் போட்டு, சம்பளப் பாக்கி, சேமநிதி எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்துச் சொச்சம் இங்கே கஜானாவுக்கு வந்திருக்கிறது. வாரிசு பேர் அங்குள்ள பதிவில் இல்லை, ஊர்ப் பேர் மட்டும் உண்டு. ஆகவே மூன்று தடவை தமுக்கடித்துச் சொல்ல வேண்டியது. வாரிசும், கடன் கொடுத்தவர்களும் மூன்று மாசத்துக்குள் ஆஜராக வேண்டியது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு சாட்சி கைநாட்டு வேண்டும்.

"எந்தச் செல்லச்சாமிலே இவன்? தெருவுக்கு ரெண்டு செல்லச்சாமி கெடக்கான்" என்றார்.

"விசாரிக்கேன் ஐயா" என்றேன். அவருக்கு மண்டிக்கு நேரமாகிவிட்டது.

நான் விசாரிக்க என்ன இருக்கிறது. எனக்குத்தான் தெரியுமே.

காகிதத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் மாரித்தாய் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம், தலையில் ஒரு முழம் கனகாம்பரம். அதைப் பார்த்ததும் என் மனசு கேட்கவில்லை, ஐயா. சொன்னால் அந்தப் பூவைப் பிடுங்குவார்கள், தாலியை அறுப்பார்கள். மாசக்கணக்கில் மூலையில் உட்கார வைப்பார்கள். கம்பெனியில் அப்போது பெரிய ஆர்டர் வேறு. அழுகிற கையால் ஒட்டினால் பெட்டி கோணும். ஆனால் நான் நினைத்தது அவள் பூவை மட்டும்தான்.

அதற்காக நான் சர்க்கார் உத்தரவை மீறவில்லை. தமுக்கு அடிக்காமல் இருந்திருந்தால் நீங்கள் கேட்கலாம். அடித்தேன். மூன்று தடவையும் அடித்தேன்.

ஊருக்குக் கிழக்கே பட்டாசுக் கம்பெனியின் பொட்டல் இருக்கிறது. சாயங்காலம் அன்றன்றைய சரக்கில் கொஞ்சம் எடுத்து அங்கே வெடித்துப் பார்ப்பார்கள். கம்பெனிக்காரன் நேரம் தவற மாட்டான். நான் பொட்டலுக்கு இந்தப் பக்கம் வேம்படியில் தமுக்கோடு காத்திருந்தேன். முதல் சரம் பற்றியதும் ஆரம்பித்தேன். ஒரு சொல் விடாமல், குடை வரைக்கும் சொன்னேன். என் தொண்டை எனக்கே கேட்கவில்லை. ஊர் எல்லைக்குள்தான் நின்றேன். எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதவில்லை. யார் காதிலாவது விழ வேண்டும் என்றும் எழுதவில்லை. இனிமேலாவது எழுதச் சொல்லுங்கள்.

சாட்சிக்குப் பெத்தணனும் வெள்ளைத்துரையும். பெத்தணன் வருசக்கணக்காக அந்த வெடியைப் பற்ற வைக்கிறவர், ரெண்டு காதும் போய்விட்டது. வெள்ளைத்துரை கம்பெனிக் காவல்காரர், ஒரு காது போனவர். ஆக ரெண்டு சாட்சிக்கும் சேர்த்து ஒரு காது இருந்தது. சர்க்கார் ரெண்டு சாட்சி கேட்டதே தவிர காதுக் கணக்குக் கேட்கவில்லை. 'கேட்டோம்' என்று கைநாட்டு வைத்தார்கள். பெத்தணன் மட்டும், "ரேசன் அரிசியா நாகையா?" என்று கேட்டார். தலையாட்டினேன். சந்தோசமாகப் போனார்.

மூன்று மாசமும் கடந்தது. உரிமை கோரி யாரும் வரவில்லை என்று முன்சீப் ஐயா எழுதி அனுப்பினார். அந்தப் பணம் கஜானாவில் அப்படியே இருக்கிறது. நான் ஒரு பைசா தொடவில்லை. இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாரித்தாய் அப்பப்போ கேட்பாள். "அண்ணே, மலாயாவுல இருந்து எதும் சேதி உண்டுமா?"

"சேதி வந்தா தமுக்கடிக்க மாட்டனா, தாயி?"

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

வள்ளித்தாய்க்கு மாப்பிள்ளை கேட்டு ரெண்டு இடத்திலிருந்து வந்தார்கள். அச்சங்குளத்துப் பையன் நல்ல பையன்தான். மாரித்தாய் என்னிடம் யோசனை கேட்டாள். செய்முறைக்குக் காசில்லை, அண்ணன்தான் ஒரு வழி சொல்லணும் என்றாள். "அப்பன் இருக்கையில அவன் வராம மகளைக் கட்டிக் கொடுத்தா நாளைக்கு வந்து என்ன நினைப்பான்? பொறு தாயி" என்றேன். அண்ணன் ஸ்தானத்தில் இருந்து சொன்னது. பொறுத்தார்கள். ஆறு வருசம் ரெண்டு பேரும் என் முற்றத்தில்தான் பொறுத்தார்கள். அந்தப் பையனுக்கு இப்போது மூன்று பிள்ளை.

போன மாசம் ராக்கப்பன் வந்தான். மலாயாவில் செல்லச்சாமியோடு ஒரே லயத்து வீட்டில் இருந்தவன், ஊர் திரும்பியதும் துக்கம் கேட்க வந்திருக்கிறான். முற்றத்தில் நுழைந்தவன் மாரித்தாய் தலையைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"செத்த புருசனுக்கு இம்புட்டுப் பூவா? நல்லாத்தான் இருக்கீக மதினி" என்றான்.

அவள் சிரித்தாள், ஐயா. கேலி பேசுகிறான் என்று நினைத்துவிட்டாள். அவன் ஈப்போ ஆஸ்பத்திரியில் தண்ணி கொடுத்தது, கொள்ளி வைத்தது, பெட்டியும் குடையும் ஏலம் போனது எல்லாம் சொன்னான். அப்புறம் அவள் சிரிக்கவில்லை. முற்றத்தில் அத்தனை பொம்பளைகளும் கையை நிறுத்திவிட்டார்கள். பசை காய்ந்துகொண்டிருந்தது.

"குடையையுமா வித்துட்டாக?" என்று கேட்டாள். அது அவள் அப்பன் கொடுத்த குடையாம். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"தமுக்கடிச்சேனே தாயி. நீ கேக்கலையா?"

அவள் கையைக் கழுவினாள். ஆணியில் மாட்டியிருந்த தமுக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். அடித்தாள். அடியில் ஒரு சீர் இல்லை, இடம் மாறி விழுந்தது. பழகாத கை. ஆனால் அன்றைக்குப் பார்த்துப் பொட்டலில் வெடி இல்லை. "எம் புருசன் செத்து ஏழு வருசமாச்சாம். நம்ம தலையாரி நமக்கெல்லாம் சொன்னாராம். கேட்டவுக யாராச்சும் இருக்கீகளா?" என்று தெருத்தெருவாகப் போனாள். ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. பெத்தணன்கூட வந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்காவது அரிசி போடுவார்கள் என்று பையோடு வந்தார்.

சர்க்கார் தமுக்கை வெளியாள் தொடக் கூடாது. நான் அதற்குப் புகார் எதுவும் கொடுக்கவில்லை. என் பெருந்தன்மையை நானே சொல்லக் கூடாது.

ஐயா பேனாவை மூடிவிட்டீர்கள். ஒன்றே ஒன்று பாக்கி. பணத்தை மாரித்தாய்க்குக் கொடுக்க உத்தரவாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். நல்லது, மனசார வாழ்த்துகிறேன். ஆனால் கடன் கொடுத்தவர்களும் ஆஜராகலாம் என்று அந்தக் காகிதத்திலேயே இருந்தது. கெடு முடிந்துபோனது என்று சொல்லாதீர்கள். அந்த அறிவிப்பை மூன்று தடவையும் முழுசாகத் தெரிந்துகொண்டவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். கோணல் பெட்டிக்கும் பசைக்கும் கூலியில் கழித்தது போக, வேலைக்கு வராத நாளுக்கு ஏற்றியதும் சேர்த்து, மாரித்தாய் எனக்கு இன்னும் நாற்பத்திரண்டு ரூபாய் முன்பணம் தர வேண்டியிருக்கிறது.