மாப்பிள்ளை கேட்ட போட்டோ

காபி நன்றாக இருக்கிறது. காவல் நிலையத்தில் இவ்வளவு நல்ல காபி கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் தங்கை புருஷன் ரோனி இங்கே இருந்திருந்தால் இந்தக் கோப்பையை நான்கு கோணத்தில் போட்டோ எடுத்து, ஆறிய பிறகுதான் வாயில் வைத்திருப்பான்.

டிஜிட்டல் கேமரா வாங்கி அவனுக்கு இரண்டு வருடம். அதற்கு முன் கோடைக்கு ஒரு ஃபிலிம் சுருள், முப்பத்தாறு படம். அப்போது யோசித்துத்தான் எடுப்பான். இது வந்த பிறகு தட்டில் கிடக்கும் மீன், கழற்றிப் போட்ட பூட்ஸ், கார் கண்ணாடியில் உறைந்த பனி, ஒன்றையும் விடவில்லை. அத்தனையையும் கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டு ஒருநாளும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். அம்மா சாகக் கிடந்த வாரம், பல்செட் இல்லாமல் வாய் பிளந்து கிடந்தவளை இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் காபிக்கு உட்கார்ந்ததும் அதை டிவியில் ஓடவிட்டான். நடுவில், சாவு வீட்டுக் காபிக்கு வைத்திருந்த சாண்ட்விச் கேக்கை, தான் படம் எடுக்கும் முன் யாரும் வெட்டிவிடக் கூடாது என்று கத்தியைப் பிடித்துக்கொண்டு அதையும் எடுத்தான்.

"எல்லாம் ஒரு ஞாபகத்துக்குத்தான் மச்சான். ஏன் மூஞ்சிய உர்ருனு வெச்சிருக்க?" என்றான். என் தங்கை உல்லா சிரித்தாள். அன்றோடு அவன் எனக்கு மனிதனாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை நானும் ரோனியும் உறைந்து கிடந்த ஏரிமேல் சறுக்கப் போனோம். முன்னால் போகிறவன் ஆள் நின்றால் தாங்குமா என்று இரும்புக் கோலால் பனியைக் குத்திப் பார்த்துக்கொண்டே போவான். பின்னால் வருபவன் அவன் சொல்லை நம்புவான். கோல் என்னிடம் இருந்தது. நாணல் ஓரத்தில் ஒரே குத்தில் அது தண்ணீருக்குள் இறங்கியது. ரோனி பார்க்கவில்லை. கேமராவின் குட்டித் திரையில் தன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க வெயில் செமயா இருக்கு மச்சான். நின்னா தாங்குமா?"

"குத்திப் பாத்துட்டேன். போய் நில்லு மாப்ளே."

கேமராவை என்னிடம் நீட்டினான். அவன் கழுத்தில் இரண்டு கூரான கைப்பிடிகள் தொங்கின. உள்ளே விழுந்தால் பனியில் குத்தி ஏறிவர அவைதான் கதி. புது ஸ்வெட்டரை மறைக்கிறது, கழற்று என்றேன். தண்ணீரில் மிதக்கும் முதுகுப் பையையும் கழற்றச் சொன்னேன், கூன் விழுந்த மாதிரி தெரிகிறது என்று. இரண்டையும் என் காலடியில் வைத்துவிட்டுத் தலையைக் கோதிக்கொண்டு போனான். படத்தில் அழகாகத் தெரிய வேண்டுமென்றால் இந்த ஜனங்கள் எதையும் கழற்றுவார்கள்.

பனி பெரிதாகச் சத்தம் போடவில்லை.

"கயிறு மச்சான், கயித்தப் போடு," என்று கத்தினான். எறிகயிறு என் பையில் இருந்தது. போட்டிருந்தால் மேலே வந்திருப்பான். அவன் சாக வேண்டும் என்றுதான் போடவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

மெமரி கார்டில் நான் எடுத்தது அறுபத்துமூன்று படம், பதினொரு நிமிடம் என்று சொன்னீர்கள். இருக்கும், நான் எண்ணவில்லை. ஏன் அத்தனை எடுத்தாய் என்றுதானே கேட்கிறீர்கள்? முதலில் எடுத்ததெல்லாம் ஆடிப்போயிருந்தது. ஒன்றாவது நன்றாக வரட்டும் என்று பார்த்தேன்.