வெறுந்தரை

களை பிடுங்க மழை பெய்த மறுநாள் காலைதான் நல்ல நேரம். மண் இளகியிருக்கும், வேர் அறாமல் முழுதாக வரும். காய்ந்த தரையில் இழுத்தால் தலை மட்டும் கையோடு வந்துவிடும், வேர் உள்ளேயே பதுங்கியிருந்து பத்தே நாளில் மறுபடி எட்டிப்பார்க்கும். செடி வைத்த இடத்தில் களை முளைத்தால் யாராவது பார்த்துப் பிடுங்கிவிடுவார்கள். ஒன்றுமே வைக்காத இடத்தைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுவரோரம், பக்கச் சந்து, கழிவுநீர்க் குழாயின் அடி, பின்படிக்கட்டின் முதுகுப்புறம். இருபத்தேழு வருடங்களாக நான் அந்த இடங்களைத்தான் பார்த்துவருகிறேன்.

உங்கள் ஆட்கள் வந்தபோது என் வீட்டைக் கவனித்திருப்பார்கள். சுற்றிலும் ஒரு புல் கிடையாது. பக்கச் சந்தில் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் நாலு விரற்கடை ஜல்லி. பின்பக்கத்தை வாரம் ஒருமுறை களைக்கொத்தியால் கீறிவிடுவேன். செங்கல் இடுக்குகளுக்குக் கொதிக்கும் வெந்நீர். தெருவில் எங்கள் வீட்டுக்கு 'மொட்டை வீடு' என்று பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் அடையாளம் சொல்கிறாராம். எனக்கு அதில் வருத்தமில்லை.

முப்பத்தொரு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். புத்தக வேலை குறைவு. பெரும்பாலும் மருந்துப் புட்டி, பூச்சிமருந்து டப்பா, சோப்பு உறை இவற்றுக்கான லேபிள்கள். புத்தகத்தில் ஓர் எழுத்து விழுந்தால் படிக்கிறவர் முகம் சுளிப்பார், லேபிளில் விழுந்தால் ஆளே விழுவார் என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். என் கையைத் தாண்டி ஒரு பிழை போனதில்லை.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். குட்டி என்று கூப்பிடுவோம். ஒன்பது வயது. அப்போது எங்கள் பின்பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் களை மண்டிக்கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அவசரமாக ஒரு லேபிள் கட்டு வந்ததால் அதோடு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம், கொடியிலிருந்து காற்றில் பறந்து விழுந்த பாவாடையை எடுக்க அவள் அந்தக் களைக்குள் இறங்கினாள். பாம்பு. ஆஸ்பத்திரி வாசலில் நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே கையில் கனம் மாறிப்போயிருந்தது.

அழுது ஓய்ந்த பிறகு என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "போன வாரமே வெட்டுறேன்னு சொன்னீங்களே."

அதற்கப்புறம் ஒருநாள்கூட அதை அவள் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சண்டையாவது போட்டிருப்போம். சாப்பாடு போடுவாள், துணி மடிப்பாள், நான் மண்ணைக் கீறுவதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இருபத்தேழு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

போன வருடம் பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தார்கள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அந்தப் பெண் தையல்காரி. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஜன்னலோரம் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஓர் இடத்தில் உட்காராது. வேலிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் நுழைந்துவிடும். என்னைத் தாத்தா என்று கூப்பிட்ட முதல் ஆள் அதுதான். ஜல்லியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் சட்டைப் பையில் போடும். நான் குனியும்போதெல்லாம் கொட்டும். அதற்கு அது ஒரு வேடிக்கை. நானும் வேண்டுமென்றே குனிவேன்.

அவர்கள் மனை என் மனையைப்போல இரண்டு பங்கு. வீட்டுச் சொந்தக்காரர் வேறு ஊரில் இருக்கிறார். இடுப்பளவு களை. குழந்தை அதற்குள் புகுந்தால் தலை தெரியாது, அசைகிற செடியை வைத்துத்தான் இருக்குமிடம் கண்டுபிடிக்க வேண்டும்.

வந்த முதல் வாரமே போய்ச் சொன்னேன். அந்தப் பெண் மெஷினை நிறுத்தாமலே, "என்னப்பா பண்றது, ஆளைக் கூப்பிட்டா இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறாங்க. நான் எந்திரிச்சா தையல் நின்னுபோகும்" என்றாள். சரி என்று நானே வெட்டினேன். ஒன்பது நாள் ஆயிற்று. அறுபத்தெட்டு வயது முதுகு. இரண்டு மழையில் திரும்பவும் முழங்காலுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அவர்கள் கிணற்றோரம் பாம்புச் சட்டை ஒன்று கிடக்கப் பார்த்தேன். புருஷன் ஊரிலிருந்து வந்ததும் எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் கையில் வாங்கி நீளம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது சாரை சார். எலியைத்தான் பிடிக்கும், நம்மளை ஒண்ணும் பண்ணாது. இருக்கட்டும் விடுங்க, பாப்பாவும் பூச்சி பாத்து விளையாடுது."

சாரையா வேறா என்று சட்டையை வைத்து அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கும் தெரியாது. அந்த வாரமே களைக்கொல்லி வாங்கினேன்.

இங்கேதான் நீங்கள் கேட்க நினைப்பதை நானே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. கடைக்காரர் டப்பாவை எடுத்து வைத்ததுமே லேபிளை அடையாளம் கண்டுகொண்டேன். நான் திருத்தியது. 'குடிநீர்க் கிணறுகளின் அருகில் தெளிக்கக் கூடாது' என்று நாலாவது வரி. 'தெளிக்க கூடாது' என்று அச்சுக் கோத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த நடு 'க்' நான் போட்டது. அதன் கீழே மண்டையோட்டுப் படம் சற்றுச் சாய்ந்திருந்ததை நிமிர்த்தச் சொன்னதும் நான்தான்.

அவர்கள் வீட்டுக்குக் குழாய் இணைப்பு கிடையாது. எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான். சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்து மண்ணோடு மண்ணாக இருக்கிறது. மனை முழுவதும் அந்தப் பக்கம்தான் சரிவு. அதையும் பார்த்திருந்தேன். கிணறு ஆழமானது, இத்தனை தண்ணீரில் இந்தச் சொட்டு என்ன செய்துவிடும் என்று கணக்குப் போட்டேன். தைத்த துணிகளைக் கொடுக்கக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு அவள் வெளியே போகும் நேரமாகப் பார்த்துத் தெளித்தேன். லேபிள் சொன்ன அளவுக்கு மேலேயே கலந்தேன்.

பத்து நாளில் மனை முழுவதும் மஞ்சளாகிக் கருகிப் படுத்துவிட்டது. அந்தப் பெண் வாசலில் நின்று வாயைப் பிளந்தாள். "அப்பா, என்ன மாயம் பண்ணீங்க?" என்றாள். வெந்நீர் ஊற்றினேன் என்றேன். எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். அளவெடுக்காமலே கச்சிதமாக இருந்தது.

ஒவ்வொரு மழைக்கும் பிறகு தளிர் வந்தது. ஒவ்வொரு முறையும் தெளித்தேன். மொத்தம் ஏழு தடவை.

நாலாவது தடவைக்குப் பிறகு குழந்தை வேலியைத் தாண்டி வருவது குறைந்தது. வாயில் புண் என்றாள் அந்தப் பெண். சாப்பிட்டது தங்கவில்லை என்றாள். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னாராம் டாக்டர். அந்தத் தண்ணீரையே காய்ச்சிக் கொடுத்தாள். ஒருநாள் காலை வேலியோரம் வந்து நின்றாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"அப்பா, கிணத்துத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. உங்க குழாய்ல ரெண்டு குடம் பிடிச்சுக்கட்டுமா?"

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாவிட்டாலும் 'பிடிச்சுக்கோம்மா' என்று சொல்லியிருக்கலாம். நின்று நிதானமாக யோசித்தேன். குழாயில் பிடித்தால் குழந்தை தேறும். தேறினால் கிணற்றில் என்ன என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் தெளிப்பது நிற்கும். நின்றால் அடுத்த மழைக்குக் களை. களை வந்தால் என்ன வரும் என்று இந்தத் தெருவில் என்னைவிட அறிந்தவர் யாருமில்லை. வயிற்றுக் கோளாறுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, மருந்து இருக்கிறது, நாள் இருக்கிறது. மற்றதற்கு அரைமணிதான். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தேன்.

"கிணத்துத் தண்ணிக்கு என்னம்மா, நல்ல தண்ணிதான். மழைக்குக் கலங்கியிருக்கும்" என்றேன். சரிப்பா என்று திரும்பிப் போனாள். நான் சொன்னால் நம்புவாள்.

என் மனைவி அடுக்களை ஜன்னலில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து காலையில் ஒரு குடம் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வேலியோரக் கல்லின்மேல் வைக்க ஆரம்பித்தாள். அவர்கள் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் அந்தக் குடத்தை உள்ளே எடுத்துவந்து வைத்தேன். மறுநாளும் வைத்தாள். மறுநாளும் எடுத்துவந்தேன். மூன்றாம் நாள் நான் குடத்தைத் தூக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருடத்தில் அவளாக என்னைத் தொட்டது அன்றுதான். மெதுவாக விரல்களை விலக்கிவிட்டுக் குடத்தை உள்ளே கொண்டுபோனேன். அன்று மதியமே கிணற்றோரம் புதுத் தளிர் தெரிந்தது. தெளித்தேன். அது ஏழாவது தடவை.

அந்த வாரக் கடைசியில் சிட்டுவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது என்றார்கள். ஆறு நாள்தான் உயிரோடு இருந்தது. லாரிக்காரர் ஐந்தாம் நாள்தான் வந்து சேர்ந்தார். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டாவது முறை அது கண்ணைத் திறந்து என் சட்டைப் பையைப் பார்த்தது. ஜல்லி எதுவும் கொண்டுபோயிருக்கவில்லை.

என் மனைவிதான் உங்களிடம் வந்து சொன்னாள் என்று தெரியும். அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வாசல் இறங்கியபோது எங்கே என்று நானும் கேட்கவில்லை. அவள் இனி அந்த வீட்டுக்கு வரமாட்டாள் என்று நினைக்கிறேன். தையல் மெஷினும் ஓடவில்லை. அந்தப் பெண் கதவைத் திறப்பதில்லை என்று உங்கள் ஏட்டு சொன்னார்.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே தெளித்தேன். தெரிந்தே தண்ணீர் நல்லது என்றேன். தெரிந்தே குடத்தை எடுத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, புத்தி தெளிவாக இருந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டாம். அந்தக் குழந்தையைப் பாம்பு தீண்டவில்லை. அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.